கறியைக் குறைத்த இடத்தில் என்ன வைப்பது?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 34. ஞாயிறு ஆட்டுக்கறி, புதன் பிராய்லர், வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாயங்காலம் ரோட்டோரத் தட்டுக்கடையில் பொரோட்டாவும் பீஃப் ஃப்ரையும். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, கொழுப்பு கோட்டைத் தாண்டிவிட்டது. டாக்டர் "கறியைக் குறைங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். மனைவி, பாலும் முட்டையும்கூட வேண்டாம், முழுக்கத் தாவர உணவுக்கே போய்விடலாம் என்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிற அம்மாவோ, "கறி இல்லாம ஒடம்புல எப்பிட்றா தெம்பு நிக்கும்" என்கிறார். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. "உண்மையிலேயே குறைக்கக் காரணம் இருக்கிறதா, இல்லை இதுவும் ஒரு ஃபேஷனா? குறைத்தால் புரதத்துக்கு எங்கே போவது? மாமனார் ஊரில் கிடாவிருந்து வருகிறதே, அங்கே என்ன சொல்வது?" இதுதான் கேள்வி.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மனிதருக்கு வைத்தியம் பார்க்கிறவன் இல்லை, மாட்டு டாக்டர். 31 வருஷம் பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றேன். வீடு மீனாட்சிபுரத்தில், கேரள எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம். மளிகை வாங்குவது அந்தப் பக்கம். மகள் உணவியல் படித்துக் கோவையில் வேலை பார்க்கிறாள்; கீழே வருகிற கிராம் கணக்கெல்லாம் அவள் பார்த்துச் சரி சொன்னது. நானும் கறி சாப்பிடுகிறவன்தான். முன்பு வாரம் நாலு நாள், இப்போது மாதம் இரண்டு தடவை. அதனால் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற எண்ணம் எனக்கு இல்லை.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் "சைவம்" என்ற சொல்லில் சாதியும் ஒட்டிக்கொண்டு வரும். கறி சாப்பிடாதவன் சுத்தம், சாப்பிடுகிறவன் ஒரு படி கீழே என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனவர்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. 2014-இல் இந்தியப் பதிவாளர் அலுவலகம் எடுத்த கணக்கில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நூற்றுக்குச் சுமார் 97 பேர் அசைவம். ஆந்திரத்தில் சுமார் 98. நாம் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். அளவைப் பற்றித்தான் பேச்சு.

எல்லையில் இருப்பதால் ஒரு வேடிக்கை. நமக்குக் "கறி" என்றால் இறைச்சி. பக்கத்து வீட்டு மலையாளிக்குக் "கறி" என்றால் சோற்றில் ஊற்றிக்கொள்கிற எதுவும் கறி. பருப்பும் கறி, மோரும் கறி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் "கறி இருக்கு, சாப்பிட்டுப் போங்க" என்றார்கள். ஆசையாக உட்கார்ந்தால் வெள்ளரிக்காய்ப் புளிசேரி, அதாவது அவர்கள் ஊர் மோர்க்குழம்பு, வந்தது. பழந்தமிழில் கறி என்றால் மிளகு. மிளகு போட்டுச் சமைத்தது, தொட்டுக்கொள்வது என்று வளர்ந்த சொல் நம் பக்கம் எப்படியோ இறைச்சியில் வந்து நின்றுவிட்டது. அந்தச் சொல்லைக் கொஞ்சம் பழைய இடத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சரி, உடம்புக்கு வருவோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் ஒரு முடிவு சொன்னது. பதப்படுத்திய இறைச்சி, அதாவது சாசேஜ், சலாமி, பேக்கன் வகையறா, புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இருக்கிறது. சிவப்பு இறைச்சிக்கு, 'உண்டாக்கக்கூடும்' என்ற அடுத்த படி. தினம் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது. இதைப் பலர் "கறி சாப்பிட்டால் சிகரெட் மாதிரி" என்று பரப்பினார்கள். அது தப்பு. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. சிவப்பு இறைச்சி என்றால் மாடு, எருமை மட்டும் இல்லை. ஆடும் பன்றியும் அதில்தான் வரும். "நாங்க பீஃப் தொடமாட்டோம், மட்டன்தான்" என்பதில் குடலுக்கு ஒரு லாபமும் இல்லை. இரண்டாவது, உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் கோத்துக் காயப்போடுகிறோமே உப்புக்கண்டம், அதுவும் பதப்படுத்திய இறைச்சிக் கணக்கில்தான் சேரும். வருஷத்தில் இரண்டு தடவை தின்றால் ஒன்றும் ஆகாது. டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு தினம் இரண்டு துண்டு பொரிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்கிற உச்ச அளவு, வாரத்துக்கு 350 முதல் 500 கிராம் வரை வெந்த சிவப்பு இறைச்சி. உங்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் அப்புறம் மூன்று தட்டு பீஃப் ஃப்ரையும் இதைத் தாராளமாகத் தாண்டிவிடும்.

ஆனால் தம்பி, உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆபத்து புற்றுநோய் இல்லை, சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தோடு சேர்ந்து சென்னை ஆய்வாளர்கள் நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 14.4. கேரளத்தில் 25.5, அதாவது பெரியவர்களில் நாலில் ஒருவர். இங்கேதான் உங்கள் டாக்டர் சொன்ன ஒற்றை வரி போதாது என்கிறேன். "கறியைக் குறைங்க" என்றால் நம் வீடுகளில் நடப்பது என்ன? கறித்துண்டு இருந்த இடத்தில் இன்னும் ஒரு கரண்டி சோறு விழும். தொட்டுக்க அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும். சாயங்காலம் பீஃப் போய்ப் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வரும். தட்டு முழுக்க மாவுச்சத்து. ஆறு மாதம் கழித்துச் சர்க்கரை ஏறியிருக்கும், "சைவத்துக்கு மாறினேன், ஒடம்பு கெட்டுப்போச்சு" என்று திரும்பவும் பழைய கடைக்கே போவீர்கள். இப்படிப் போனவர்கள் ஏழெட்டுப் பேரை எனக்கே தெரியும்.

கறியை எடுப்பது பாதி வேலை. எடுத்த இடத்தில் பயறு வந்து உட்கார்ந்தால்தான் அது மாற்றம். சோறு உட்கார்ந்தால் நஷ்டம். இந்தப் பதிலில் வேறெது மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

தட்டுக்கடை விஷயத்தில் இன்னொரு உண்மையும் உண்டு. அந்தத் தட்டில் உங்கள் சர்க்கரைக்கு முதல் எதிரி பொரோட்டா. மைதா, வனஸ்பதி, அதன் மேல் எண்ணெய் மிதக்கிற மசாலா. பீஃபை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் பொரோட்டாவுக்குக் குருமா வாங்கிச் சாப்பிட்டால் பலன் இல்லை.

இனி என் தொழில் சார்ந்த காரணங்கள். இவற்றை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று ஒரு கதை ஊர் முழுக்க ஓடுகிறது. பொய். ஐயாயிரம் கோழி இருக்கிற கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட ஆள் கூலி கட்டுமா, யோசியுங்கள். அது வேகமாக வளர்வதற்குக் காரணம் இனத்தேர்வும் தீவனமும். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், 1957-ஆம் வருஷத்து இறைச்சிக்கோழி இனத்தையும் 2005-ஆம் வருஷத்து இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியிட்ட முடிவு: 56-ஆம் நாளில் பழைய இனம் 905 கிராம், புதிய இனம் 4,202 கிராம். ஊசி இல்லாமலே நாலரை மடங்கு.

இதை எண்ணாகப் படிப்பது வேறு, கொட்டகையில் பார்ப்பது வேறு. சித்திரை வெயிலில் ஒரு பண்ணைக்குப் போவேன். பக்கவாட்டில் சாக்குப் படுதாவை நனைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் அமோனியா கண்ணைக் கரிக்கும். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி இடம். முதல் வாரம் குஞ்சுகள் ஓடும். ஐந்தாவது வாரம் ஓடாது, உட்கார்ந்தேதான் இருக்கும். நெஞ்சு வளர்ந்த வேகத்துக்குக் கால் வளரவில்லை, இதயமும் வளரவில்லை. வயிற்றில் நீர் கோத்துச் சாகும். நன்றாகத் தின்றுகொண்டிருந்தது இரண்டு துடிப்புத் துடித்து மல்லாந்துவிடும். காலையில் வாளியோடு ஒருவர் செத்ததைப் பொறுக்கிக்கொண்டே போவார், அது பண்ணையில் அன்றாட வேலை. இன்னொன்று சொல்கிறேன், அடுத்த முறை கடையில் கவனித்துப் பாருங்கள். இரண்டு கிலோ எடையோடு தராசில் ஏறுகிற அந்தக் கோழி கொக்கரிக்காது. கீச்சுக்கீச்சென்றுதான் கத்தும். அதற்கு வயது நாற்பது நாள். உடம்புதான் கோழி, குரல் இன்னும் குஞ்சு.

பண்ணைக்காரரைத் திட்டவில்லை. பெரும்பாலோர் ஒப்பந்தத்துக்கு வளர்ப்பவர்கள். குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி. கோழி செத்தால் இவர் கூலியில் அடி விழும். அந்தப் பயத்தில்தான் ஆன்டிபயாடிக் தண்ணீரில் கலக்கப்படுகிறது, நோய் வந்த பிறகு மட்டுமல்ல, வருவதற்கு முன்பே. கோலிஸ்டின் என்று ஒரு மருந்து. ஆஸ்பத்திரியில் வேறெதுவும் கேட்காத கிருமிக்குக் கடைசியாக எடுக்கிற ஆயுதம் அது. அதைக் கோழி எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது. அதற்கு முந்தின வருஷமே கேரளம், மருந்துக்கு அடங்காத கிருமிகளைச் சமாளிக்க மாநில அளவில் செயல்திட்டம் போட்டுவிட்டது; இந்தியாவில் அதுதான் முதல் மாநிலம். மருந்துக்கு அடங்காத கிருமி குழம்பு கொதித்தால் செத்துவிடும். ஆனால் கறியைக் கழுவுகிற கை, நறுக்குகிற பலகை, பண்ணைக் கழிவு போகிற வாய்க்கால் இவையெல்லாம் கொதிப்பதில்லை. கோழியைக் குழாயடியில் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவாதீர்கள் என்று இந்தச் சாக்கில் சொல்லிவைக்கிறேன். தெறிக்கிற தண்ணீரில்தான் ஆபத்து.

பறவைக் காய்ச்சல் உங்களுக்கே தெரியும். 2014, 2021, 2024 என்று ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்கு வரும்போதெல்லாம் வாளையாறு, மீனாட்சிபுரம், கோபாலபுரம் சோதனைச் சாவடிகளில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடித்துக்கொண்டு நிற்போம். அத்தனை உயிரை ஒரே கூரையின் கீழ் நெருக்கி வைத்தால் ஒரு கிருமிக்கு அதைவிட வசதி வேண்டாம்.

அப்புறம் லாரி. பொள்ளாச்சிச் சந்தை செவ்வாயும் வியாழனும். அங்கே கைமாறுகிற மாடுகளில் பெரும்பங்கு கேரளத்துக்குத்தான் போகிறது. ஒரு வியாழன் ராத்திரி, எல்லைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டது, வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். உள்ளே எருமைகள். மூன்று கீழே விழுந்து கிடந்தன, மற்றவை அவற்றின் மேல் மிதித்துக்கொண்டு நின்றன. ஒன்றின் கண்ணோரம் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ரத்தம் என்று நினைத்து விரலால் தொட்டுப் பார்த்தேன். மிளகாய்த்தூள். விழுந்த மாடு எரிச்சலில் எழுந்து நிற்கும் என்று தடவுவது. விரலைக் கழுவின பிறகும் ராத்திரி முழுக்க எரிந்தது. அந்த வாரமே கறியை விட்டேன் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சாப்பிட்டேன். குறைக்க இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று. மனசு மாறுவது வேறு, வாய் மாறுவது வேறு.

உங்கள் மனைவிக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. "பால் குடிக்கலாம், கறி கூடாது" என்று நினைப்பவர்களுக்குப் பிடிக்காத செய்தி. பால் வேண்டுமென்றால் மாடு ஈன வேண்டும். ஈன்றதில் பாதி காளைக்கன்று. உழவுக்கு டிராக்டர் வந்தாயிற்று; ஜெர்சிக் கலப்புக் காளைக்கன்றை யார் கட்டித் தீனி போடுவார்? வற்றிய எருமையை யார் பதினைந்து வருஷம் வைத்திருப்பார்? பால் சொசைட்டியையும் இறைச்சிக் கடையையும் ஒரே கயிறுதான் கட்டியிருக்கிறது. அதனால் பாலையும் விடலாம் என்று உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பால் விடவில்லை, விடுகிற எண்ணமும் இல்லை. ஆனால் அவர் சொல்வது தர்க்கப்படி சரி என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பூமி சூடாவதைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் தீனி நொதிக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியே வருகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2023 கணக்குப்படி, மனிதர்களால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 12 சதவீதம் கால்நடை வளர்ப்பைச் சேர்ந்தது. ஆனால் அமெரிக்க மாட்டுக் கணக்கை அப்படியே நம் மாட்டின் தலையில் கட்டக் கூடாது. நம் மாடு வைக்கோலும் சோளத்தட்டும் தின்கிறது, மனிதன் தின்ன முடியாததைத் தின்று பால் தருகிறது. கோழி அப்படி இல்லை. அது தின்பது மக்காச்சோளமும் சோயாவும். உடுமலை, பல்லடம் பக்கம் காட்டில் நிற்கிற மக்காச்சோளம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். உயிர் எடை ஒரு கிலோ கூடுவதற்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தீவனம். எலும்பு, இறகு, குடல் கழித்து ஒரு கிலோ சதை வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. அந்தத் தீவனத்தில் இருந்த புரதம் சுமார் 700 கிராம், கைக்கு வருவது 220. மிச்சம் கோழி வாழ்ந்த வாழ்க்கைக்குச் செலவு.

இப்போது அம்மாவின் கேள்வி. தெம்பு எங்கிருந்து வரும்?

இந்தியர் சாப்பாட்டை அறிவியலாக ஆராய்கிற தேசிய நிறுவனத்தின் வேர் நம் நீலகிரி மலையில்தான் இருக்கிறது. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஒரே ஒரு அறையில் தொடங்கியதுதான், 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அவர்கள் கணக்கில் ஒரு பெரியவருக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். நீங்கள் 65 கிலோ என்றால் 54 கிராம். ஒரு நாள் சாமானைச் சமைப்பதற்கு முந்தைய எடையில் பாருங்கள்: அரிசி 200 கிராம், அதில் புரதம் 16 கிராம். பயறும் பருப்பும் சேர்த்து 90 கிராம், 20. ஒரு கைப்பிடி நிலக்கடலை, 7. பாலும் தயிரும் சேர்த்து 300 மில்லி, 10. காய்கறி கீரையில் 3. கூட்டினால் 56. கறி ஒரு துண்டு இல்லை, புரதப் பவுடர் டப்பா இல்லை.

இதில் கண் வைக்க வேண்டியது அந்த 90 கிராம். நம் வீட்டில் உண்மையில் எவ்வளவு விழுகிறது? நாலு பேருக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, அதில் ஒரு சட்டி சாம்பார். ஆளுக்கு 15 கிராம்கூட வராது. சாம்பாரில் பருப்பைத் தேடுகிறவன் புரதம் கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பருப்பின் தப்பு இல்லை. கொங்குப் பக்கத்துக் கொள்ளுப்பருப்பு, பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு இவைதான் கெட்டியான ஆட்கள். கொள்ளில் 22 சதவீதம் புரதம். கஞ்சியும் பயறும், புட்டும் கடலையும் என்று எல்லைக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறார்களே, அதில் கணக்கு இருக்கிறது. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் மெத்தியோனின் என்ற இன்னொன்று குறைவு. சேர்த்துத் தின்றால் ஒன்றின் குறையை ஒன்று ஈடுகட்டும். அரிசிம்பருப்புச் சாதம் இதே கணக்கு. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் ராமசேரியில், தமிழ்நாட்டிலிருந்து போன முதலியார் குடும்பங்கள் மண்சட்டியில் அவித்து விற்கிற அந்தத் தட்டை இட்லியும் இதே கணக்குதான். மெக்காரிசனுக்கு முன்னால் நம் பாட்டிகள் இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஏமாற்று ஒன்று இருக்கிறது, எச்சரிக்கிறேன். இடிச்சக்கை, அதாவது பலாப்பிஞ்சு, மசாலா போட்டால் கறி மாதிரியே நார் நாராக வரும். காளானும் அப்படி, பள்ளிபாளையம் சிக்கன் செய்கிற மாதிரி வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டுக் காளானில் செய்தால் என் பேரன் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டான். நாக்குக்கு இவை அருமை. ஆனால் இரண்டிலும் 100 கிராமுக்குப் புரதம் இரண்டு மூன்று கிராம்தான். கறிக்குப் பதில் இது என்று நினைத்துவிடாதீர்கள், கூடவே பயறு வேண்டும். மீல்மேக்கர் நேர்மாறு: காய்ந்த எடையில் பாதிக்குமேல் புரதம், ருசி மசாலாவின் புண்ணியம்.

ஆட்டுக்கொம்பு என்றதும் நாக்கு ஊறினால் அட்டப்பாடிக்குப் போங்கள். ஆட்டின் கொம்பு போல வளைந்திருப்பதால் ஆட்டுக்கொம்பு அவரை என்று பேர். அங்கத்திய துவரையோடு சேர்த்து அதற்கும் 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனைகட்டியிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்.

"பயறு தின்னால் வாயு" என்பது நியாயமான புகார். ஒரேயடியாக 90 கிராமுக்குத் தாவினால் யாருக்கும் ஊதும். ராத்திரி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முளைகட்டினால் இன்னும் நல்லது. இஞ்சி, பெருங்காயம், பூண்டு வழக்கம்போல. முதல் இரண்டு வாரம் 40 கிராமில் நில்லுங்கள், குடல் பழகிக்கொள்ளும். கடையில் பழைய பயறு வாங்காதீர்கள்; எவ்வளவு ஊறினாலும் வேகாது, அப்புறம் பழியைப் பயறின் மேல் போடுவீர்கள்.

இனி வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

அம்மா எடுக்கிற மாத்திரை மெட்ஃபார்மினாக இருந்தால், அது பி12 வைட்டமின் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பி12 தாவரத்தில் கிடையாது. கறியில், மீனில், முட்டையில், பாலில்தான் இருக்கிறது. அம்மாவுக்குக் கறியையும் குறைத்துவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டால், பாதம் மரத்துப்போவதைச் "சர்க்கரையால்தான்" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அடியில் பி12 குறைவு இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டு பி12 சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனைவி பாலும் முட்டையும் விட்டால் அவருக்கு பி12 மாத்திரை கட்டாயம். இது விருப்பம் இல்லை. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் இரண்டு மூன்று வருஷம் ஒன்றும் தெரியாது, "பாருங்க, எனக்கு ஒண்ணும் ஆகல" என்று சொல்ல வைத்துவிட்டு அப்புறம் நரம்பில் கை வைக்கும். பால் போனால் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் கீரையும் தினம் வேண்டும். இரும்புச் சத்து பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம், ஆண்களுக்கு 19. கறியில் இருக்கிற இரும்பு சுலபமாக உடம்பில் சேரும். கீரையிலும் பயறிலும் இருப்பது அவ்வளவு சுலபமாகச் சேராது. பயறுக்கு மேல் அரை எலுமிச்சை பிழிந்தாலும் ஒரு நெல்லிக்காய் கடித்தாலும் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு கட்டன் சாயா, அதாவது பால் ஊற்றாத டீ, குடித்தால் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். இதைச் சொன்னால்தான் எல்லையில் எல்லாரும் என்னை முறைக்கிறார்கள்.

குழந்தைக்கு முட்டையும் பாலும் நிறுத்த வேண்டாம். நாலு வயது வயிறு சின்னது. பயறையும் கீரையையும் மட்டும் வைத்து அந்த வயிற்றை நிரப்பினால், வளர்ச்சிக்கு வேண்டிய சக்தி சேர்வதற்கு முன்பே நிறைந்துவிடும். அவள் பெரியவளாகி முடிவு செய்துகொள்ளட்டும்.

மீன் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு உங்கள் வீட்டில் இருந்தால் கடைசியாகத்தான் அதில் கை வைப்பேன். இதயத்துக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு அதில் நேரடியாகக் கிடைக்கிறது. ஆளி விதையில் கிடைப்பதை உடம்பு மாற்றிக்கொள்வது கொஞ்சம்தான். பொரிக்காமல் குழம்பாக வையுங்கள்.

எப்படித் தொடங்குவது? உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதுதான் வேடிக்கை. புரட்டாசி வந்தால் ஒரு மாதம் கறிக்கடை காற்று வாங்குகிறது, கோழி விலை இறங்குகிறது. மாலை போட்டால் 41 நாள். ஒரு மாதத்தில் யாருக்கும் தெம்பு போய்விடவில்லை, அம்மாவிடம் இதையே கேளுங்கள். புரட்டாசி முடிந்த மறுநாள் பட்ட கடனை வட்டியோடு அடைக்கிற மாதிரி மூன்று வேளையும் கறி தின்கிறோம், அதுதான் கோளாறு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் தட்டுக்கடையை விடுவேன். வாரத்தில் மூன்று நாளை ஒன்றாக்கினாலே பாதி வேலை முடிந்தது, வீட்டில் யாரோடும் சண்டையும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பசிக்கும், அதுதான் கடைக்கு இழுக்கிற கயிறு. வேலை செய்கிற இடத்தில் ஒரு டப்பா சுண்டலோ வேகவைத்த நிலக்கடலையோ இருந்தால் கயிறு அறுந்துவிடும். இரண்டு மாதம் கழித்துப் புதன் பிராய்லரைக் கொள்ளுக்கோ மீல்மேக்கருக்கோ மாற்றுங்கள். ஞாயிறு ஆட்டுக்கறியைக் கடைசியில் தொடுங்கள். அதையும் நிறுத்த வேண்டாம், ஒரு கிலோவை அரைக் கிலோவாக்கி உடன் ஒரு பிடி மொச்சை போட்டுக் குழம்பு வையுங்கள். மொச்சை கறிச்சாறை இழுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இப்போது முதலில் தீர்வது மொச்சைதான். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை எடுங்கள். சோற்றின் அளவு கூடவில்லையா என்று அதற்கு நடுவே பார்த்துக்கொண்டே இருங்கள்.

மாமனார் ஊர்க் கிடாவிருந்துக்குப் போங்கள். இலையில் விழுந்ததைச் சாப்பிடுங்கள். வருஷத்துக்கு ஒரு நாள் அந்த மண்ணில் வளர்ந்த ஆட்டை, வெட்டியவர் யார் என்று தெரிந்து, ஊரோடு உட்கார்ந்து தின்பதற்கும், நாற்பது நாள் குஞ்சை வாரம் இரண்டு தடவை யோசனையில்லாமல் தின்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது தடவை கறி எடுத்து வருகிறவரிடம் மட்டும் இலைக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் மாமனார் வருத்தப்படுவார். போன ஆடியில் நான் கையை மறைத்தபோது, என் மச்சினர் அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு, "மாமா, ஒடம்புக்கு என்ன?" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்தார். "ரசம் ஊத்துப்பா" என்றேன்.